முதலில் துடுப்புத் துண்டு, அப்புறம்தான் பார்மலின்

பெங்களூரில் மீன் ஆய்வில் இறங்கியிருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். "மீன் எந்த இனம் என்று கண்டறிய உடலை அளவெடுப்பதெல்லாம் பழைய முறை, டிஎன்ஏ பார்த்தால் போதும்" என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. ஒரே மீனிலிருந்து உடல் அளவு, டிஎன்ஏ இரண்டும் வர வேண்டும். 10 மீனை அளந்துவிட்டு வேறு 10 மீனில் டிஎன்ஏ எடுத்தால், எந்த உடலுக்கு எந்த மரபணு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காவிரியின் திமில் மகசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பாருங்கள். 50 கிலோவைத் தாண்டி வளரும் மீன், தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அறிந்த மீன். அதன் அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்று உறுதியானது 2018இல்தான். அந்தப் பெயரோ, அமராவதியில் கலக்கும் பாம்பாற்றின் இளமீன்களுக்கு ஏற்கெனவே வைத்தது! காவிரிப் படுகையில் உள்ள மோயாற்று மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே இரண்டும் ஒன்று என்று தெரிந்தது.

மீன் கைக்கு வந்ததும் அளவுகோல் வைத்து இடப்பக்கத்தைப் படமெடுங்கள். அளவுகளை இடப்பக்கத்தில்தான் எடுப்போம். அதனால் வலப்பக்க மார்புத் துடுப்பில் சிறு துண்டு வெட்டி, அதைப்போல் 10 மடங்கு 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்டுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே, உடலைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத பார்மலின்: கடைக் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வரிசை மாறினால் மாதிரி போனது போனதுதான். மகசீர் போன்ற அருகிய மீனைக் கொல்லவே வேண்டாம். அனுமதி பெற்று, படமும் துண்டும் எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை உள்ள திட்ட நீளமே அடிப்படை. வால் நுனி ஒடிந்திருக்கும், மொத்த நீளத்தை நம்ப முடியாது. ஒரே ஆள் அளக்க வேண்டும். சினை மீனின் உடல் உயரத்தை மற்ற மீன்களுடையதோடு கலக்காதீர்கள்; பார்மலினில் சுருங்கிய மீனையும் புதுமீனையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். அடிக்கடி நடக்கும் பெருந்தவறு, நீளத்தின் தாக்கத்தை விலக்காதது. 80 மி.மீ. மீனையும் 300 மி.மீ. மீனையும் அப்படியே கணக்கில் போட்டால், வளர்ச்சி வித்தியாசம் இன வித்தியாசமாக வேடம் போடும். ஒவ்வொரு அளவையும் சராசரித் திட்ட நீளத்துக்குத் திருத்திய பிறகே பகுப்பாய்வு.

டிஎன்ஏவில் இனம் காணப் பார்ப்பது, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ (COI) என்ற மரபணுவை; அதில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்துகள் கிடைக்கும். நடுவில் நிறுத்தக் குறியீடு (புரதம் உருவாவதை நிறுத்தச் சொல்லும் எழுத்துகள்) வந்தால் அது அந்த மரபணுவின் வேலை செய்யாத போலி நகலாக இருக்கலாம், தள்ளிவையுங்கள். சிஓஐ தாய்வழி மட்டும் வருவது. குஞ்சுப் பண்ணையில் பிறந்த கட்லா, ரோகு கலப்பு மீனும் தாயின் இனமாகவே காட்டும்; உட்கரு மரபணு ஒன்றையும் பார்த்தால்தான் கலப்பு பிடிபடும். வரிசையில் இரண்டு சதவீத வித்தியாசம் இருந்தால் வேறு இனம் என்பதும் சட்டமல்ல. அண்மையில் பிரிந்த இனங்களில் அது உதவாது. ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகளும் உண்டு. அந்த இனம் முதலில் விவரிக்கப்பட்ட ஆற்று மீனோடு ஒப்பிடுங்கள்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய மீனுக்கு ஆற்றின் பெயர் போடாதீர்கள். படம், குப்பி, டப்பா மூன்றுக்கும் ஒரே எண். அதைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மையை எத்தனால் கரைத்துவிடும்.