மனித உரிமையும் சில ஜெபக் கூட்டங்களும்

மனித உரிமை என்றாலே மதத்தை உதறிவிட்டு வந்த சிந்தனை என்று நம் பகுத்தறிவு வட்டத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லையே!

மக்கள் சம்மதித்து உருவாக்கியதே அரசு என்கிற சமூக ஒப்பந்தக் கருத்து என்றதும் நினைவுக்கு வருகிறவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். பிறர் உயிரையோ சுதந்திரத்தையோ ஏன் பறிக்கக் கூடாது? 1689இல் அவர் சொன்ன காரணம், மனிதர் எல்லாரும் கடவுளின் படைப்பு, அவருடைய உடைமை என்பதுதான். மதச் சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்திலோ, நாத்திகரின் சத்தியத்தை நம்ப முடியாது, அவர்களைச் சகிக்க வேண்டியதில்லை என்கிறார். ஆக, லாக்கின் நாட்டில் எனக்கு இடமில்லை.

அவருக்கு முன்பே, 1620இல், அமெரிக்காவில் குடியேறப் போன மேஃப்ளவர் கப்பலில் 41 ஆண்கள் கடவுளைச் சாட்சி வைத்து, நாமே ஓர் அரசியல் சமூகமாகச் சேர்கிறோம் என்று கையெழுத்திட்டார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தின் அரசத் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள். பிஷப்பின் உத்தரவுக்குக் காத்திராமல், தங்களுக்குள் உடன்படிக்கை செய்து சபை கூட்டியவர்கள். போதகரையும் சபையாரே தேர்ந்தெடுப்பார்கள். சபையை அப்படி நடத்திப் பழகியவர்களுக்கு அரசையும் அப்படி யோசிக்க வந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 1647. உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து மன்னர் சார்லஸைத் தோற்கடித்த நாடாளுமன்றப் படையின் வீரர்களும் அதிகாரிகளும் லண்டன் அருகே பட்னியில், செயிண்ட் மேரி தேவாலயத்தில் கூடினார்கள். மறுநாள் காலை ஜெபம். அப்புறம் வாக்குரிமைச் சண்டை. இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. சொத்துள்ளவனுக்குத்தான் ஓட்டு என்று மறுத்தார் அதே படையின் உயர் அதிகாரி அயர்ட்டன். அவரும் பக்திமான்தான், ஒரே பைபிள்தான்.

அதனால், 'மனித உரிமையே எங்கள் மதம் தந்த கொடை' என்று மார்தட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி. யார் தந்தது? அதிகாரத்தில் இருந்த திருச்சபையா, அது விரட்டியடித்தவர்களா? கத்தோலிக்கத்துக்குள்ளும் லாஸ் காசாஸ் போன்ற துறவிகள் 16ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காக வாதாடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1789இல் பிரான்ஸ் மனித உரிமைகளைப் பிரகடனம் செய்தபோது ரோம் என்ன செய்தது? 1791இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் அதிலிருந்த கருத்துச் சுதந்திரத்தைக் கண்டித்தார். அந்த உரிமைகளை வரிசைப்படுத்தி ஏற்கும் சுற்றுமடல் (திருச்சபைக்கு எழுதும் பொதுக் கடிதம்) திருத்தந்தை 23ஆம் யோவானிடமிருந்து வந்தது 1963இல். ஐ.நா. பிரகடனம் வெளியாகி அதற்குள் 15 வருடம் ஆகியிருந்தது.