வெங்காயத்துக்குத் தடை, மேட்சுக்கு இல்லை

அமெரிக்காவில் வெங்காயத்தை வைத்து முன்பேர வர்த்தகம், அதாவது பின்னால் வரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது, செய்ய முடியாது, தெரியுமா? 1955-ல் இரண்டு பேர் சிகாகோவில் வெங்காயத்தை மொத்தமாக வளைத்துப்போட்டு, அப்புறம் விலையை அடித்து இறக்கினதில், உள்ளே இருக்கிற வெங்காயத்தைவிடச் சாக்குக்கு விலை அதிகம் என்றாகிவிட்டது. விவசாயிகள் கொதித்தார்கள், 1958-ல் தடைச் சட்டம் வந்தது. 2010-ல் சினிமா வசூலையும் அந்தத் தடையில் சேர்த்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேட்சில் யார் ஜெயிப்பார்கள் என்பதை 'ஒப்பந்தம்' என்று பெயர் வைத்து விற்கலாமாம்!

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பரின் மகன் போனில் இப்படி விற்கிற ஒரு ஆப்பைக் காட்டினான். 'ஆம்' 62 சென்ட், 'இல்லை' 39 சென்ட். சொன்னது நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். பையனுக்கு வயது 19. அந்த மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் கட்ட 21 ஆக வேண்டும், இந்த ஆப்புக்கு 18 போதும். சூதாட்டம்தானேடா என்றேன். "இல்லை அங்கிள், டிரேடிங்" என்கிறான்.

இந்த மாதிரி ஆப்புகளை மாநிலங்கள் தடுக்கலாமா என்கிற வழக்கே இந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது. பந்தயம் என்றால் மாநிலத்தின் கையில்: உரிமம், வரி, வயது வரம்பு எல்லாம் உண்டு. டிரேடிங் என்றால் முன்பேரச் சந்தையைக் கண்காணிக்கிற சி.எஃப்.டி.சி. என்கிற மத்திய ஆணையத்தின் கையில், மாநிலம் வாயைத் திறக்கக் கூடாது. 2025 ஜனவரியில் விளையாட்டு ஒப்பந்தங்களை இறக்கிய கால்ஷி என்கிற கம்பெனியின் வாதம் இதுதான். ஏப்ரலில் நியூ ஜெர்சி ஃபெடரல் நீதிபதி இதை ஏற்று, மாநிலம் கால்ஷி மேல் நடவடிக்கை எடுக்க இடைக்காலத் தடை கொடுத்தார், ஆகஸ்டில் மேரிலாந்து நீதிபதி அதே வாதத்தைத் தள்ளிவிட்டார். நெவாடாவில் இன்னும் கூத்து, ஏப்ரலில் கொடுத்த தடையை நவம்பரில் அதே நீதிபதியே நீக்கிவிட்டார்.

தேர்தல் ஒப்பந்தத்தையாவது ஒரு மாதிரி ஒத்துக்கொள்வேன், அயோவா பல்கலைக்கழகம் 1988-லிருந்து சின்ன அளவில் அதைச் செய்கிறது, யார் ஆட்சிக்கு வருகிறார் என்பதில் ஒரு கம்பெனிக்கு நிஜமாகவே லாப நஷ்டம் உண்டு. மழை பொய்த்தால் விவசாயிக்கு அடி, அதற்காக ஒருவன் முன்கூட்டியே காப்புத் தேடுகிறான், சரி. மூன்றாவது குவார்ட்டரில் யார் முன்னிலை என்பதில் இந்தப் பையன் எந்த நஷ்டத்துக்குக் காப்புத் தேடுகிறான்? போர், படுகொலை, சூதாட்டம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களைத் தடுக்க 2010 சட்டமே ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. விளையாட்டு விஷயத்தில் அதை எடுக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, மாநிலங்களும் தலையிடக் கூடாது என்றால் எப்படி?

இத்தனைக்கும் விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது இதே நியூ ஜெர்சிதான்.