நிழல் போடாத படங்கள்

இளநிலைத் தாவரவியல் முதலாம் ஆண்டில், ஊமத்தம்பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்தபோது, பூக்குழலின் ஓரத்தில் பென்சிலை மெல்லத் தேய்த்து நிழல் போட்டிருந்தேன். பூ தாளிலிருந்து எழும்பி நிற்பதுபோல் தெரிந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. செய்முறை வகுப்பை நடத்திய ஆசிரியை அதன் மேல் சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு இழுத்து, "நிழல் போட்டா உறுப்பு மறைஞ்சுடும்மா, கோடு மட்டும் போதும்" என்று சொல்லி, மறுபடி வரைந்து வரச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, 1542ஆம் ஆண்டில் அச்சான ஒரு மூலிகை நூலின் முன்னுரையை மொழிபெயர்ப்பில் படித்தபோது, அதே காரணத்தை லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் சொல்லியிருப்பதைக் கண்டேன். ஓவியர்கள் தங்கள் கைத்திறனைக் காட்டுவதற்காகச் சேர்க்கும் நிழல்களால் செடியின் இயல்பான உருவம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, வேண்டுமென்றே அவற்றைத் தவிர்த்ததாக அவர் எழுதுகிறார். அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன்.

ஃபுக்ஸ் 1501ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று பவேரியாவின் வெம்டிங் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். எர்ஃபுர்ட்டிலும் இங்கோல்ஸ்டாட்டிலும் படித்து, 1524இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அன்ஸ்பாக்கில் பிராண்டன்பர்க் சிற்றரசர் கேயார்க்கின் அரண்மனை மருத்துவராக இருந்தபோது, 1529இல் ஜெர்மனிக்குள் நுழைந்த 'ஆங்கில வியர்வை நோய்' என்னும் கொள்ளைநோய்க்குச் சிகிச்சை அளித்துப் புகழ் பெற்றார். 1535இல் வியூர்ட்டம்பர்க் கோமகன் உல்ரிக், டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்துவதற்காக அவரை அழைத்துக்கொண்டார். 1566 மே 10 அன்று இறக்கும்வரை ஃபுக்ஸ் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. அங்கே தம் வீட்டருகே செடிகளை வளர்த்தார், மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று செடிகளைக் காட்டினார்.

அவருடைய வாழ்நாள் கவலை எளிமையானது. செடியைத் தெரியாதவர் மருந்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நூறு மருத்துவர்களில் ஒருவர்கூட ஒரு சில செடிகளையாவது சரியாக அறிந்தவராக இல்லை என்று தம் நூலின் காணிக்கையுரையில் வெளிப்படையாகவே வருந்துகிறார். செடியை அடையாளம் காணும் வேலை மருந்துக்கடைக்காரரிடமும், அவர் வழியாக எழுதப் படிக்கத் தெரியாத மூலிகை பறிப்பவரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. மருத்துவர்கள் நம்பியதோ முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த டையோஸ்கோரிடீஸின் கிரேக்க நூலை. அது மத்தியதரைக் கடலோரச் செடிகளைப் பற்றிய நூல். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே முளைக்கும் செடிகளில் பலவற்றுக்கு அதில் இடமே இல்லை என்பதை எவரும் சரிபார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ஃபுக்ஸும் இந்தப் பிடியிலிருந்து முழுவதும் விடுபட்டவர் அல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பண்டைய கிரேக்க மருத்துவர்களான கேலனும் ஹிப்போகிரட்டீஸும் டையோஸ்கோரிடீஸும் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பிழை வந்ததெல்லாம் இடைக்காலத்தில், குறிப்பாக அரபு மருத்துவர்களால் என்று அவர் கருதினார். 1530இல் வெளியிட்ட தம் முதல் நூல்களில் ஒன்றில், அண்மைக்கால மருத்துவர்களின் பிழைகளைப் பட்டியலிட்டு அவர்களைக் கடுமையாகத் தாக்கினார். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அரபு மருத்துவர்கள் காத்துத் தந்த அறிவு இல்லாவிட்டால் ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் தடுமாறியிருக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்தது எழுதியிருப்பதோடு முரண்படும்போது கண்ணை நம்பும் துணிவும் அவரிடம் இருந்தது. மனித உடலை அறுத்துப் பார்த்துக் கேலனின் பிழைகளைத் திருத்திய வெசாலியஸின் உடற்கூறியல் நூல் 1543இல் வெளிவந்தபோது, பழமையைப் போற்றிய பலர் அதை எதிர்த்தார்கள். ஃபுக்ஸோ அதை ஏற்று, கேலனையும் வெசாலியஸையும் இணைத்து மாணவர்களுக்காக 1551இல் ஒரு பாடநூலே எழுதினார்.

அவருடைய பெருநூலின் லத்தீன் பெயர் 'டே ஹிஸ்டோரியா ஸ்டிர்பியம்'. பாசல் நகரில் மிஷேல் ஈசிங்ரின் 1542இல் அச்சிட்ட அந்தப் பெரிய நூலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியில் ஒரு பதிப்பும், 1545இல் கையில் எடுத்துச் செல்லும் அளவில் ஒரு சிறு பதிப்பும் வந்தன. வயலுக்குப் போகிறவர் கையில் படம் இருக்க வேண்டும் என்பதே அந்தச் சிறு பதிப்பின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். இதற்கு முன்பே 1530இல் ஓட்டோ பிரூன்ஃபெல்ஸின் மூலிகை நூலுக்காக ஹான்ஸ் வைடிட்ஸ் என்ற ஓவியர் வரைந்த அற்புதமான படங்கள் உண்டு. அவர் தம் முன்னால் இருந்த செடியை அப்படியே வரைந்தார். இலை வாடியிருந்தால் வாடியே இருக்கும், பூச்சி கடித்திருந்தால் ஓட்டையும் இருக்கும். ஃபுக்ஸ் வேறு வழியில் போனார். வேர், தண்டு, இலை, பூ, விதை, கனி அனைத்தும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். எந்தச் செடியிலும் ஒரே நாளில் இவை எல்லாவற்றையும் பார்க்க முடியாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் செடியை எந்தப் பருவத்தில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ள வழி செய்கிறது அந்தப் படம்.

நான் இந்தப் பதிவில் சொல்ல விரும்புவது இதுதான். ஃபுக்ஸின் எழுத்து பல இடங்களில் தவறிப்போனது, அவருடைய படங்கள் தவறவில்லை. மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பயிருக்கு அவர் 'துருக்கித் தானியம்' என்று பெயரிட்டு, அது கிழக்கிலிருந்து வந்ததாக எழுதினார். படத்திலோ உச்சியில் ஆண் பூங்கொத்து, இலைக்கக்கத்தில் கதிர், கதிரின் நுனியில் தொங்கும் நார், அடியில் கொத்தாகப் பரவிய வேர் என எதையும் விடவில்லை. அச்சான ஐரோப்பிய நூல்களில் மக்காச்சோளத்தின் மிகப் பழைய படங்களில் அது ஒன்று.

மிளகாய்க்கும் இதே கதைதான், அது நமக்கு இன்னும் நெருக்கமானது. கொலம்பஸ் அமெரிக்கா போய் ஐம்பதே ஆண்டுகளில் ஜெர்மானியத் தோட்டங்களில் தொட்டிச் செடியாக வளர்ந்த மிளகாயை, ஃபுக்ஸ் சில வகைகளாகப் பிரித்து வரைவித்தார். அதற்கு அவர் தந்த பெயர் 'கோழிக்கோட்டு மிளகு'. காரமான பொருள் என்றால் மலபார் கரையிலிருந்துதான் வந்திருக்கும் என்ற எண்ணம் அன்றைய ஐரோப்பாவில் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது. நாமும் அதே செடிக்கு மிளகோடு காயைச் சேர்த்துத்தான் 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். அந்நியமான ஒரு செடியை, நாக்கு ஏற்கெனவே அறிந்த ஒன்றின் பெயரால் அழைக்கும் அந்த இயல்பு டூபிங்கனிலும் இங்கேயும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

மூன்றாவது செடிக்கு அவரே பெயர் வைத்தார். ஊதா மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டதுபோல் பூக்கும் அந்தக் காட்டுச்செடிக்குப் பழைய நூல்களில் கிரேக்கப் பெயரோ லத்தீன் பெயரோ அவருக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மானிய மக்கள் அதைத் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானுக்கு ஒப்பிட்டு 'ஃபிங்கர்ஹூட்' என்று அழைத்தார்கள். அதைத் தழுவி அவர் 'டிஜிட்டாலிஸ்' என்ற லத்தீன் சொல்லை உருவாக்கினார். அதன் மருத்துவக் குணங்களைப் பழைய சூடு, குளிர்ச்சிக் கோட்பாட்டின்படியே எழுதினார். அது இதயத்தின்மீது வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியாது. உடலில் நீர் கோத்து வீங்கிய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, அளவையும் ஆபத்தையும் குறித்து, வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் நூல் வெளியிட்டது 1785இல். இன்று இதய நோயாளிகளுக்குத் தரப்படும் டிஜாக்ஸின் மாத்திரையின் பெயரில், டூபிங்கன் பேராசிரியர் ஒருவர் உழவர் வழக்கிலிருந்து எடுத்த சொல் இன்னும் ஒலிக்கிறது.

ஃபுக்ஸின் பெயரைத் தாங்கிய ஃபூஷியா என்ற அழகிய செடியை அவர் பார்த்ததே இல்லை. அது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கரீபியத் தீவு ஒன்றில் சார்ல் புளூமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கண்டெடுத்து, ஃபுக்ஸின் நினைவாகப் பெயரிட்ட அமெரிக்கச் செடி. ஃபுக்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். அவரை அறிய வேண்டுமானால் 1542ஆம் ஆண்டு நூலின் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

நூலின் முன்பகுதியில் கையில் ஒரு செடியோடு ஃபுக்ஸின் முழு உருவம் இருக்கிறது. ஆசிரியர் தம் படத்தைப் போட்டுக்கொள்வது புதிதல்ல. ஆனால் நூலின் முடிவில் மூன்று தொழிலாளர்களின் உருவங்களும் பெயர்களும் இருக்கின்றன. குடுவையில் வைத்த செடியைப் பார்த்துத் தூரிகையோடு வரைந்துகொண்டிருப்பவர் ஆல்பிரெக்ட் மேயர். அவருடைய படத்தை மரக்கட்டையின்மேல் படியெடுத்துக்கொண்டிருப்பவர் ஹைன்ரிக் ஃபுல்மவுரர். கட்டையைச் செதுக்கியவர் வைட் ருடால்ஃப் ஷ்பெக்லே, ஸ்ட்ராஸ்பர்க் நகரின் மிகச் சிறந்த செதுக்காளர் என்று ஃபுக்ஸ் அவரைப் பாராட்டுகிறார். நான் படித்த தாவரவியல் நூல்கள் பலவற்றில், படம் வரைந்தவரின் பெயரைத் தேடித் தேடிக் கைவிட்டிருக்கிறேன். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஓவியரையும் தச்சரைப் போலக் கூலிக்காரராகவே மதித்த ஒரு சமூகத்தில், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் தம் நூலில் அவர்களுக்கு முகம் கொடுத்திருக்கிறார். ஓவியரைத் தம் விருப்பம்போல வரைய விடாமல் கட்டுப்படுத்தியவரும் அவரே. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதால்தான் எனக்கு அவர்மீது இத்தனை மதிப்பு.

அந்த நூல் வெளிவந்த பிறகும் அவர் ஓயவில்லை. அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகள், இன்னும் பெரிய ஒரு நூலுக்காகப் படங்களை வரைவித்துக்கொண்டே இருந்தார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் சேர்ந்தன, ஐரோப்பாவில் வரையப்பட்ட மிகப் பழைய தக்காளிப் படங்களில் ஒன்றும் அவற்றுள் அடக்கம். இதற்கிடையில் ஈசிங்ரின் இறந்துபோனார். அவ்வளவு படங்களையும் செதுக்கி அச்சிடும் செலவைத் தாங்க வேறு எவரும் முன்வரவில்லை. வண்ணம் தீட்டிய அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.