நான் சைவந்தான், ஆனா அந்த வீடு எனக்கு வேணாம்

போன ஞாயித்துக்கெழம கோயம்புத்தூர்ல வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். காத்தோட்டமான வீடு, தண்ணி வசதி இருக்கு, வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகுது. அட்வான்ஸ் பத்திப் பேசறப்ப ஓனரம்மா, நீங்க நான்வெஜ் சாப்பிடுவீங்களான்னு கேட்டாங்க. நான் சாப்பிடறதில்லீங்க, இவரும் பையனும் சாப்பிடுவாங்கன்னு சொன்னேன். உடனே என்னைய மட்டும் பார்த்து, "நீங்க சுத்தமா இருக்கீங்க, இவங்களையும் மாத்திட்டு அப்புறம் குடி வாங்க"ன்னாங்க. எனக்கு மொகமெல்லாம் எரிஞ்சுது. எந்திரிச்சு வந்துட்டோம்.

வர்ற வழியெல்லாம் அந்த 'சுத்தம்'ங்கிற வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. நான் கறிய விட்டு மூணு வருசம் ஆகுது, சுத்தமாகணும்னு விடல. எங்க ஊரு பல்லடம் பக்கம், எங்க பார்த்தாலும் கறிக்கோழிப் பண்ணதான், அங்க ஒரு கம்பெனில கணக்கு எழுதிட்டு இருந்தேன். குஞ்சு எறக்குன தேதி, தீவனம் எத்தன மூட்ட, செத்தது எத்தனன்னு பேப்பர்ல மட்டும் பார்த்துட்டு இருந்தவ, ஒரு நாள் ஆள் வராததுனால ராத்திரி லோடு ஏத்தற எடத்துக்கு எடை குறிக்கப் போனேன். 40 நாள்ல 2 கிலோ எடை. ஒடம்பு பெருத்த வேகத்துக்குக் காலுக்குப் பலம் வரல, சிலது நகர முடியாம உக்காந்த எடத்துலயே இருந்துச்சு. கொரலு மட்டும் இன்னும் குஞ்சுக் கொரலு, கீச்சு கீச்சுன்னு. வீட்டுல அத்தன வருசம் கோழி வளத்தவ நான், அவ்வளவு பெரிய ஒடம்புல இருந்து அந்தக் கொரலு வந்தத என்னால மறக்க முடியல. அதுக்கப்புறம் கறி எனக்குத் தொண்டையில எறங்கல, அவ்வளவுதான்.

விட்டாச்சு, ஆனா என்ன சாப்பிடறதுன்னு தெரியல. கறி இருக்கற வீட்டுல கறிய எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ரசமும் உருளக்கெழங்கும்தான், மொத ஆறு மாசம் அதத்தான் தின்னேன், எப்பப் பார்த்தாலும் பசி. எங்க அமுச்சிதான் (அம்மாவோட அம்மா) வழி காட்டுச்சு, "கொள்ளு இருக்கு, பச்சப்பயிறு இருக்கு, தட்டப்பயிறு இருக்கு, எதுக்கு சாமி பட்டினி கெடக்கற"ன்னு. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லுது, 60 கிலோ இருக்கற எனக்கு 50 கிராம். வேக வைக்காத கொள்ளு 100 கிராம்ல 22 கிராம் கிட்ட இருக்கு, சோயா சங்ஸ்ல அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. பள்ளிபாளையம் சிக்கன்னு நாம சப்புக்கொட்டித் திங்கறதுல ருசியே வரமொளகா, சின்ன வெங்காயம், தேங்காப் பல்லு, கருவேப்பிலைலதான, அதே பக்குவத்துல காளான் போட்டு வதக்கிப் பாருங்க, பலாக்கொட்டையும் நல்லா இருக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிக்கறதயும் நிறுத்தினேன், பயிறு கீரைல இருக்கற இரும்புச்சத்த டீ ஒடம்புல சேர விடாது, எலுமிச்ச புழிஞ்சுக்கிட்டா நல்லா சேரும்.

ஒண்ணு மட்டும் கோட்ட விட்டேன், வைட்டமின் பி12. அது செடிகொடில கெடையாது, பால் தயிர்ல இருக்கு, எனக்குப் பால் சின்ன வயசுல இருந்தே ஆகாது. கல்லீரல்ல சேமிப்பு இருக்கறதுனால கொற உடனே தெரியாது, ரெண்டு வருசம் கழிச்சு உள்ளங்கால்ல ஊசி குத்தற மாதிரி மதமதன்னு வந்தப்பறம்தான் டெஸ்ட் எடுத்தேன். இப்ப மாத்திர போடறேன், சரியாகிட்டு வருது. புதுசா சைவத்துக்கு மாறுறவங்க தயவுசெஞ்சு இதத் தள்ளிப்போடாதீங்க.

இப்ப அந்த ஓனரம்மா விசயத்துக்கு வர்றேன். 2014ல அரசாங்கம் எடுத்த கணக்குல தமிழ்நாட்டுல 15 வயசுக்கு மேல 97 சதவீதத்துக்கும் மேல அசைவந்தான். அப்ப கறி திங்கறவனுக்கு வீடு இல்லன்னா யாருக்கு இல்லன்னு அர்த்தம்? சாதி என்னன்னு வாய்விட்டுக் கேக்க முடியாதவங்க சாப்பாட்டக் கேக்கறாங்க. வள்ளலாரும் புலால் வேணாம்னுதான் சொன்னாரு, அவரே சாதியும் வேணாம்னாரு, 1867ல வடலூர்ல தருமச்சாலை தொடங்குனாரு, கறி திங்கறவங்கன்னாலும் பசியாத்தணும்னாரு. என்னைப் பெத்து, கறிச்சாறு ஊத்தி வளத்த எங்கம்மா அசுத்தம்னு சொல்ற எடத்துல எனக்கு மட்டும் மரியாத கெடச்சு என்ன ஆகப்போகுது?

எங்கம்மாவுக்கும் மொதல்ல வருத்தந்தான், நான் சமைச்சத இவ தொடமாட்டேங்கறாளேன்னு ஒரு பொங்கலப்ப அழுதே போட்டாங்க. இப்ப மசாலா அரைச்ச ஒடனே எனக்குப் பாதிய எடுத்துத் தனிச் சட்டில வெச்சுட்டு, அப்புறம்தான் மிச்சத்துல கறியப் போடறாங்க, ரெண்டும் ஒரே அடுப்புலதான் கொதிக்குது.

வீடு இன்னும் கெடைக்கல. சரவணம்பட்டி, கணபதி பக்கம் ரெண்டு பெட்ரூம் இருந்தா சொல்லுங்க, வீட்டுல கறி வேகும்னு ஓனர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க.