கொள்ளிடத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் சுவர் வீண் செலவில்லை

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. 2024 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடம் பாலத்துத் தடுப்புச்சுவர் சரிந்த படத்தை மறுபடியும் சுற்றில் விட்டிருக்கிறார்கள். அதன் கீழே, "தண்ணிக்குள்ள யார் கண்ணுக்கும் தெரியாத சுவருக்கு இவ்வளவு பணமா?" என்று ஒருவர் கேட்க, எனக்குத் தெரிந்தவர்களே அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சுவர் நிற்காமல் போனது தப்புதான். கட்டியவர்களைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் ஆற்றுக்குள் சுவர் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைதான் கண்ணுக்குத் தெரிகிற பாலத்தைக் காப்பாற்றுகிறது.

கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீரில் அசையாமல் நின்று பாருங்கள். குதிகாலுக்கு அடியில் மணல் நழுவும், நாமே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவோம். சின்ன வயதில் அப்பா என்னை அப்படி நிற்க வைத்து, "பாலத்துத் தூணுக்கும் இதேதாம்மா நடக்குது" என்றார். தூணில் மோதுகிற தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, சுழன்று, காலடி மணலைத் தோண்டிவிடும். வெள்ளம் வடியும்போது அந்தக் குழியைப் புது மணல் வந்து மூடிவிடும். கோடையில் எட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பவர்கள் பார்ப்பது அந்தப் புது மணலைத்தான். அதில் பிடிப்பே இருக்காது.

படுகை அணை இதற்குத்தான். பாலத்துக்குக் கீழ்ப்புறம் ஆற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு சுவர். மேலே இருக்கிற மணலை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். 2018 ஆகஸ்டில் பக்கத்திலேயே இருந்த 1928ஆம் வருடத்துப் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்ததையும், அதே மாதம் முக்கொம்பு அணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துப் போனதையும் அதற்குள் மறந்துவிட்டோமா?

"மணல் கொள்ளையை நிறுத்து, சுவரே வேண்டாம்" என்பீர்கள். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இறங்கிப்போன படுகை நாளைக்கே ஏறிவிடுமா? மேலே மேட்டூர் 1934இலிருந்து மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அதுவரை தூண் எதன்மேல் நிற்கும்?

இது வெளிநாட்டுக்காரன் கதை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் அயோவாவில் 1980களில் ஆற்றுக்குள் சாய்வாகத் தகடுகளை மூழ்கவைத்து, அடிநீரோட்டத்தைத் திருப்பி, மணலைக் கரைப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். சரி, அது அவர்கள் வழி. நம் கல்லணை? அடி காணாத மணலில் கல்லைப் போட்டு, அது புதைந்து நிலைகொண்டதும் அதன்மேல் இன்னொரு கல். மணலில் அஸ்திவாரம் போடுவதை நம்மவர்களிடம்தான் கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். அவர் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டியபின் காவிரி ஆற்றின் அடித்தரை அரித்து இறங்க, அங்கேயும் குறுக்கே சுவர் வைக்க வேண்டிவந்தது.

அப்பா முப்பது வருடம் ஆற்று வேலையில் இருந்தார். பாலம் திறந்தால் ரிப்பன், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. பாலத்துக்கு அடியில் கருங்கல் கொட்டிய வேலைக்கு ஒரு நாளும் யாரும் வந்ததில்லை. வெள்ளத்தில் பாலத்துமேல் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஒவ்வொரு தூணடியிலும் ஆழம் பார்த்து நோட்டில் எழுதுவார். நனைந்து வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருக்கும். அதைத்தான் வீண் செலவு என்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது.

அடுத்த வெள்ளத்தில் ஒவ்வொரு தூணடி ஆழத்தையும் அளந்து பொதுவில் போடச் சொல்லி எல்லோரும் கேளுங்கள். லைக் போட்டவர்கள் சித்திரையில் திருவானைக்காவல் பக்கம் வாருங்கள். நானே ஆற்றில் இறக்கிக் காட்டுகிறேன்.