மச்சமில்லாத ஜெலி

(களுவாஞ்சிகுடியில் ஒரு பலசரக்குக் கடை. வைகாசி மாதம். கண்ணகியம்மன் கோயில் கதவு திறந்தாச்சு. சடங்கு முடியுமட்டும் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) புழங்குவதில்லை. பரிமளம் மாமி பையோடு வருகிறார்.)

மாமி: தம்பி, பேரப்பிள்ளையளுக்கு ஜெலிப் பக்கற் ரெண்டு தா.

கடைக்காரர்: சடங்கு முடியட்டும் மாமி. அதுல ஜெலற்றின் இருக்கு.

மாமி: அது என்ன, பழச்சாறா?

கடைக்காரர்: மாட்டுத் தோல், எலும்பு, இல்லாட்டிப் பன்றித் தோல். அவிச்சு எடுக்கிற பசை.

மாமி: (விரலைச் சீலையில் துடைத்தபடி) ஹலால் எண்டு போட்டுக் கிடக்கே?

கடைக்காரர்: அப்ப பன்றி இல்ல. மாடு இல்லையெண்டு ஆர் சொன்ன?

மாமி: அது இன்னும் மோசமல்லோடா! சரி, இந்தச் சோடாவத் தா. பச்சை போட்டிருக்கு, சைவந்தானே?

கடைக்காரர்: சதுரத்துக்குள்ள பச்சைப் புள்ளி எண்டா சைவம், அது இந்தியாச் சாமானுக்கு. இது எங்கட நாட்டுச் சோடா. 2016இல இருந்து சீனிக்குப் போடுற நிறம். பச்சை எண்டா சீனி குறைவு, சிவப்பு எண்டா கூட.

மாமி: ஐயோ, சிவப்புச் சோடா குடிச்சதுக்கு மருமகள மச்சம் திண்டவள் எண்டு ஏசிப் போட்டனே!

கடைக்காரர்: அதுக்கு என்ட கடையில மருந்தில்ல.

மாமி: அந்த ரோஸ் நிற இனிப்பு?

கடைக்காரர்: பக்கற்றில சேர்மான இலக்கம் 120 எண்டு போட்டிருந்தா விடுங்க. கள்ளிச் செடியில இருக்கிற பூச்சியக் காயவச்சு எடுக்கிற சாயம். காய்ஞ்ச பூச்சி ஒரு இறாத்தலுக்குக் கிட்டத்தட்ட 70,000 வரும். மினுங்குற சில இனிப்பில 904 இருக்கும். அது அரக்குப் பூச்சிட பிசின்.

மாமி: யோகட்?

கடைக்காரர்: பக்கற்றப் பாருங்க, கனக்க யோகட்டில ஜெலற்றின்தான். சீஸில சிலது கன்டுக்குட்டி வயித்துல எடுக்கிற உறையால செய்யிற. எருமைத் தயிர் பிரச்சினையில்ல. பழைய தயிர்தான் உறை.

மாமி: பிஸ்கட்டாவது தருவியா?

கடைக்காரர்: 471 போட்டிருக்கு. மரக்கறி எண்ணெயிலயும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலயும் செய்யலாம். இலக்கத்தப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலா, செய்தவனத்தான் கேட்கோணும்.

மாமி: நீ கடை வச்சிருக்கிறியா, கடையப் பூட்ட வச்சிருக்கிறியா?

(கடைக்காரருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததுபோல, மேல்தட்டில் கையை விடுகிறார்.)

கடைக்காரர்: இந்தாங்க, கடற்பாசி நார், அகர் அகர் எண்டும் சொல்லுவாங்க. ஜெலிய நீங்களே காய்ச்சுங்க. 10 கிராம் ஒரு லீற்றருக்குக் காணும். அரை மணித்தியாலம் ஊறவச்சு, அரை லீற்றர் தண்ணியில கொதிக்க விடுங்க. ஒரு நாரும் தெரியக் கூடா.

மாமி: கரையாட்டி?

கடைக்காரர்: இன்னும் காய்ச்சுங்க, மறுகா வடியுங்க. சீனி கரைஞ்ச பிறகு மற்ற அரை லீற்றர் பால ஊத்துங்க. பால் சூடா இருக்கோணும். குளிர்ந்த பால ஊத்தினா அந்த இடத்திலயே திரண்டு கட்டி கட்டியா நிக்கும்.

மாமி: தேசிக்காய்ப் புளி விடலாமா?

கடைக்காரர்: பாலில விட்டாத் திரைஞ்சிடும். பாலில்லாம, தண்ணியில செய்யிறதுக்கு விடலாம், அதுவும் அடுப்பால இறக்கின பிறகு. புளியோட கொதிச்சாப் பிடிப்பு விட்டிடும். பச்சை அன்னாசித் துண்டு போட்டா ஜெலற்றின் இறுகா, கடற்பாசி இறுகும். நிறத்துக்கு பீற்றூட் சாறு.

மாமி: பிரிட்ஜ் பழுதாக் கிடக்குதே?

கடைக்காரர்: மேசையிலயே இறுகும். இறுகாட்டி ஊத்திப் போடாதீங்க. கொஞ்சம் கடற்பாசிய வேறயாக் கரைச்சு, ரெண்டையும் சேர்த்துத் திரும்பச் சூடாக்குங்க.

(வந்த வேலை முடிந்த களைப்பில் கடைக்காரர் ஒரு பணிஸை எடுத்துக் கடிக்கிறார்.)

மாமி: அது என்ன பணிஸ்?

கடைக்காரர்: சீனிச்சம்பல் பணிஸ். வெறும் வெங்காயம் மாமி.

மாமி: வெங்காயத்துக்குள்ள என்ன கறுப்புக் கறுப்பா?

கடைக்காரர்: (மெல்லுவதை நிறுத்தி) மிளகாய்க் கொட்டை...

மாமி: மாசிடா! மாசிக்கருவாடு போடாம எந்தப் பேக்கரியில சீனிச்சம்பல் வதக்குறான்? கள்ளியில இருக்கிற பூச்சியெல்லாம் தெரியுது, வாயிலிருக்கிற மீன் தெரியல்லயா?

கடைக்காரர்: (துப்பிவிட்டு) இப்ப என்ன மாமி செய்யிற?

மாமி: தலையில தண்ணிய ஊத்திட்டு இரவைக்குக் கோயிலுக்கு வா. அந்த மிச்சப் பணிஸ இஞ்ச தா, என்ட பூனை சடங்கு பிடிக்கிறல்ல.