கிக்கை மியூட் பண்ணினால் தாலாட்டு ஆகிவிடாது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்து ஹோம் ஸ்டுடியோக்களில் இருந்து வரும் பாட்டுகளில் ஒரு திருப்பம் தெரிகிறது. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 தட்டு) அம்மன் பாட்டும் குத்து ரீமிக்ஸுமாக இருந்த பையன்கள் தாலாட்டு, கும்மி, நடவுப்பாட்டு என்று மெதுவான பக்கம் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் முக்கால்வாசிப் பேர் என்ன செய்கிறார்கள்? பழைய ப்ராஜெக்டையே திறந்து, கிக் என்கிற அடி டிரம்மை மியூட் பண்ணி, டெம்போவை 70-க்கு இறக்கி, ஒரு கிதார் லூப்பைப் போட்டு, யாரோ ஒரு ஆச்சியின் குரலை வெட்டி அதன் மேல் ஒட்டுகிறார்கள். கேட்டால் மண்வாசனை என்கிறார்கள். பங்களாவை ஓட்டலாக மாற்றிய இடங்களில் வரவேற்பறையில் ஓடுமே ஒரு சத்தம், யாரும் காது கொடுக்காத சத்தம், கடைசியில் அதுதான் வருகிறது.

என் கட்சி இது: பாட்டின் காலத்தைக் குரல் பிடிக்க வேண்டும், மெஷின் அதற்குப் பின்னால் வர வேண்டும். அது நடக்காதவரை எத்தனை டிராக்கைக் கழற்றினாலும் கையில் இருப்பது வேகம் குறைந்த டான்ஸ் பாட்டுதான்.

இந்தத் திருப்பத்தை ஒழுங்காகச் செய்தவர்கள் என்று பார்த்தால் இங்கிலாந்தின் கோல்ட்ஃப்ராப் குழுவைச் சொல்லலாம். அலிசன் கோல்ட்ஃப்ராப், வில் கிரெகரி என்று இரண்டே பேர். 2003-இல் 'பிளாக் செர்ரி', 2005-இல் 'சூப்பர்நேச்சர்' என்று சின்த்தும் (மின்னணு ஒலி எழுப்பும் சின்தசைசர்) அழுத்தமான பீட்டுமாக டான்ஸ் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள், 2008-இல் ஃப்ளட் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து 'செவன்த் ட்ரீ' ஆல்பத்தை விட்டார்கள். முதல் பாட்டே விரலால் மீட்டும் கிதாரில் தொடங்குகிறது. பின்னால் தந்திக் கருவிகள் மெல்ல எழும்புகின்றன. அலிசன் பாதி வார்த்தைகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பாடுகிறார். முந்தைய ஆல்பத்தை வாங்கியவர்கள் திகைத்திருப்பார்கள்.

அந்த ஆல்பத்தில் சின்த் காணாமல் போகவில்லை என்பதை நம்ம பையன்கள் கவனிக்க வேண்டும். அது குரலுக்கு அடியில் போய்விட்டது, அவ்வளவுதான். 2000-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அலிசனின் குரலை கோர்க் எம்எஸ்-20 சின்த் வழியாக விட்டு, தெரமின் என்ற மின்னிசைக் கருவி போல ஊளையிடும் ஒரு ஒலியை எடுத்தவர்கள் அவர்கள். குரலையும் மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வித்தை 2008-க்கு முன்பே கைவசம் இருந்தது. இன்னொன்று, 2010-இல் 'ஹெட் ஃபர்ஸ்ட்' என்று எண்பதுகளின் சின்த் பாப்புக்கே திரும்பினார்கள், 2013-இல் 'டேல்ஸ் ஆஃப் அஸ்' என்று மறுபடி அமைதியானார்கள். ஆகவே "பக்குவம் வந்துவிட்டது, அதனால் மெல்லிசைக்கு வந்தார்கள்" என்ற கதை இங்கே செல்லாது. துள்ளல் பாட்டு ஒன்றும் மட்டமில்லை.

சரி, நம்ம ஊர்த் தாலாட்டுக்கு வருவோம். 70 பிபிஎம் ஏன் தப்பு?

தாலாட்டுக்கு டெம்போ தருவது தொட்டில். தொட்டில் ஒரு ஊசல். அது போய்வரும் நேரத்தைக் கயிற்றின் நீளம்தான் தீர்மானிக்கிறது. உள்ளே இருப்பது மூன்று கிலோப் பிள்ளையா எட்டு கிலோப் பிள்ளையா என்பதல்ல. கொக்கியில் இருந்து பிள்ளை கிடக்கும் இடம் வரை 1.5 மீட்டர் என்றால் ஒரு முறை போய்வர ஏறக்குறைய 2.5 வினாடி. 2 மீட்டர் என்றால் 2.8. செட்டிநாட்டு வீட்டில் உத்தரம் உயரம், கயிறு 2.5 மீட்டர் இறங்கினால் 3.2 வினாடி. போவதற்கு ஒரு தட்டு, வருவதற்கு ஒரு தட்டு என்று கணக்குப் போட்டால் முறையே 49, 42, 38 பிபிஎம். 70 வர வேண்டும் என்றால் கயிறு முக்கால் மீட்டர்கூட இருக்கக்கூடாது. அந்த உயரத்தில் யார் தொட்டில் கட்டுவார்கள்? கணினியில் 42 வைக்கச் சங்கடமாக இருந்தால் 84 வைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒரு தட்டில் மட்டும் ஏதாவது போடுங்கள். நடுத் தட்டுகளை நிரப்பக் கை அரிக்கும். நிரப்பினால் தொட்டில் போய் ஆட்டோ வந்துவிடும்.

அந்த 42-உம் கறாரான 42 இல்லை. பாடுகிறவர் அடி முடிவில் ராகத்தை இழுப்பார், தொட்டில் திரும்பி வரும்வரை காத்திருப்பார், அடுத்த அடியைச் சற்று முந்தி எடுப்பார். காதில் டிக் டிக் என்று தாளம் தட்டும் கிளிக் போட்டுப் பாடச் சொன்னால் இந்த இழுவை முதலில் சாகும். ஆகவே கிளிக் வேண்டாம். குரலை முதலில் பதிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பதிவு முடிந்ததும் ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஒரு டெம்போ மார்க்கர் வையுங்கள், மென்பொருளின் தட்டு அங்கே குரலோடு சேர்ந்துகொள்ளும். ரீப்பர் மென்பொருளில் கையால் வைக்கலாம். லாஜிக்கில் ஸ்மார்ட் டெம்போவை 'அடாப்ட்' நிலையில் விட்டுப் பிறகு திருத்தலாம். தட்டுக்குத் தட்டு மார்க்கர் வைப்பவர்கள் உண்டு, அது வேண்டாத வேலை. எதிரொலியும் டிலேயும் இடத்துக்கு இடம் குலுங்கும். அடிக்கு ஒன்று போதும். இது எதுவும் தெரியாத மென்பொருள் என்றால் சுரங்களைத் தட்டுக்கு இழுக்கும் ஸ்னாப்பை அணைத்துவிட்டு, குரலைக் கேட்டுக்கொண்டே கீபோர்டைக் கையால் வாசியுங்கள். சொல்லப்போனால் அதுவே நன்றாக வரும்.

எங்கே பதிவு செய்வது? வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்காரவைத்தால் படம் அழகாக வரும், ஒலி வராது. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், இரண்டுமே சத்தத்தை உறிஞ்சாதவை. எதிரெதிர்ச் சுவருக்கு நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். 'டர்ர்ர்' என்று ஒரு அதிர்வு கேட்கும். அது குரலின் மேல் ஏறிவிட்டால் எந்தப் ப்ளகினாலும் எடுக்க முடியாது. இரண்டாம் கட்டில் பாத்திரம் பண்டம் அடுக்கிய சின்ன அறை, அல்லது துணிமணி நிறைந்த அறை தேவலை. பாடுகிறவருக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிறுத்துங்கள், பக்கவாட்டுச் சுவரில் கெட்டியான போர்வை, காலடியில் ஜமுக்காளம். கண்டென்சர் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், சற்றுப் பக்கவாட்டில். வளவில்தான் எடுப்போம் என்று பிடிவாதம் பிடித்தால் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கை நாலு விரற்கடை தூரத்தில் வையுங்கள், காக்கையும் மோட்டார் சைக்கிளும் குறையும். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் மட்டும் இல்லை, 100, 150 என்று மேலேயும் ஏறும். ஆகவே கரண்ட் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், அல்லது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

(ஸ்டுடியோ என்றால் சென்னை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1940-களில் ஏவிஎம் ஸ்டுடியோ ஓடியது இதே காரைக்குடியில்தான்.)

சுருதி விவகாரம்தான் பெரிய வம்பு. ஊரில் பாடுகிறவர் ஐந்தரைக் கட்டையிலும் நிற்க மாட்டார், ஆறு கட்டையிலும் நிற்க மாட்டார். நடுவில் ஓரிடத்தில், தனக்கு வாகான இடத்தில் எடுப்பார். பத்துக் கண்ணி போவதற்குள் அந்த இடமும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். நம்ம ஆள் உடனே சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூனைத் திறக்கிறார். திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால் 'ஆராரோ'வில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் இடமெல்லாம் படிக்கட்டாக உடைந்து போகிறது. தாலாட்டில் பாதி அந்த வழுக்கல்தான். செய்ய வேண்டியது நேர்மாறு. ஒவ்வொரு கண்ணியிலும் ஆதார சுருதி எங்கே நிற்கிறது என்று டியூனரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் கண்ணியில் ஐந்தரைக் கட்டைக்கு மேல் 20 சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஆறாவதில் 45 சென்ட் என்று ஒரு பட்டியல் வரும். சின்த்தின் ஃபைன் ட்யூனை அந்தப் பட்டியலின்படி ஆட்டோமேஷனில் மெதுவாக ஏற்றுங்கள். சட்டென்று தாவவிடாதீர்கள், பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடைவெளியில் நகர்த்துங்கள். ஏற்றம் அதிகமாக இருந்தால் மட்டும் அடுத்த முறை ஒரு காதில் சுருதிப் பெட்டியைக் கொடுக்கலாம், அதுவும் மெல்லிசாக. சத்தமாக வைத்தால் கச்சேரிக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு பாடுவார்கள்.

சின்த்தில் என்ன வாசிப்பது? ச, ப, இரண்டு போதும். மேற்கத்திய கார்டுகளை அடுக்கினால் மூன்றாவது கார்டிலேயே மெட்டு வேறு ராகமாகக் கேட்க ஆரம்பித்துவிடும். பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) எழும்ப அரை வினாடியாவது எடுக்க வேண்டும், 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் மழுங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு மேலேதான் வார்த்தைகளின் தெளிவு இருக்கிறது. டான்ஸ் பாட்டுப் பழக்கத்தில் கிக் விழும்போதெல்லாம் பேடைத் தாழ்த்தும் சைட்செயின் போட்டு அதை மூச்சு வாங்க வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கிதாருக்குப் பதில் வீணை போடலாம், காரைக்குடிக்கு அந்த உரிமை உண்டு. காரைக்குடி சகோதரர்கள் என்ற வீணைக் கலைஞர்கள் சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஊர் அது. ஆனால் மைக்கைக் குடத்துக்கு நேராக வைத்தால் 'கும்' என்று அடைக்கும், தந்தியை அழுத்தும் மெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் விரல் உரசும் சத்தம் தூக்கும். தண்டி குடத்தோடு சேரும் இடத்துக்கு மேலே ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

தாளம் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு யோசனை. தொட்டில் கொக்கி உத்தரத்து வளையத்தில் உரசும்போது 'கிறீச்... க்ரக்' என்று ஒன்று வரும். போகும்போது ஒரு மாதிரி, வரும்போது வேறு மாதிரி. பிள்ளையை இறக்கிவிட்டு, மூன்று கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டி, அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எட்டுப் பத்து வேறு வேறு உரசல்களை வெட்டி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டால் நாலாவது முறையே காது கண்டுபிடித்துவிடும்.

ஒப்பாரியைத் தொடாதீர்கள். செத்த வீட்டில் அழுததை மாலைநேரக் காபிக்கு ஏற்ற இசையாக்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

மிக்ஸிங்கில் இரண்டு விஷயம் மட்டும். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் -14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்கு மேல் சத்தமாக இருப்பதைத் தாங்களே இறக்கிவிடுகின்றன. தாலாட்டை லிமிட்டரில் போட்டு -8-க்கு நசுக்கினால் கடைசியில் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகும். இரண்டாவது, மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாகச் சேர்த்து) ஒருமுறை கேளுங்கள். ப்ளகின் போட்டு அகலமாக்கிய பேட் மோனோவில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு காணாமல் போகும். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் மோனோ, பேஸும் வராது. அங்கே உங்கள் பாட்டில் மிஞ்சப்போவது குரலும் கொக்கிச் சத்தமும்தான்.

கடைசியாகப் பணம், பெயர். கோல்ட்ஃப்ராப் செய்தது புதிதாக எழுதிய பாட்டுகள், யார் வீட்டுப் பாட்டையும் எடுக்கவில்லை. நாம் எடுப்பது உயிரோடு இருக்கும் ஒருவரின் குரலை. கொண்டுவிக்க (வெளிதேசம் போய் வியாபாரம் செய்ய) போன அப்பச்சியையும் சீர் கொண்டுவரும் அம்மானையும் சேர்த்துக் கட்டி, குடும்பம் குடும்பமாகக் கைமாறி வந்த தாலாட்டுகள் நகரத்தார் வீடுகளில் உண்டு. சில வரிகளில் வீட்டுப் பெயர்கள் இருக்கும், அவற்றை வெளியிடலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். மெட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம், ஆனால் பாடியவருக்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது, 50 ஆண்டுக்கு. பதிவுக்கு முன்பே ஒரு தாளில் தமிழில் எழுதி, எங்கெங்கே வெளியாகும், எவ்வளவு தருகிறோம், வருமானத்தில் பங்கு எத்தனை என்று படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இசையமைப்பாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரைப் போடாமல் 'பாரம்பரியம்' என்று போடுங்கள், பாடியவர் பெயரை முதல் கலைஞராகப் போடுங்கள், உங்கள் பெயர் தயாரிப்பில் வரட்டும். விநியோகத் தளங்களில் இந்தக் கட்டங்களை வெளியான பிறகு திருத்துவது பெரிய தலைவலி.